வேலையில் இருக்கிறார்

இப்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எதிரே வருகிறவனின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை எலும்பு தொடங்குகிற இடத்துக்குப் போகும். அங்கே ஒட்டியிருக்கிற வில்லை பச்சையாக எரிந்தால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று அவன் பாட்டுக்குப் போய்விடுவான். மஞ்சள் என்றால் ஓரடி தள்ளிப் போவான். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ் தானே வரும், நமக்கென்ன என்று போவான். ஆக, போவதுதான். நின்று, "என்னவே, முகம் ஒரு மாதிரியா இருக்கு" என்று கேட்கிற ஆளைப் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. துட்டி வீட்டில்கூட, பிணத்தருகே அழுகிறவளின் வில்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைதான், தாங்கிக்கிடுவா" என்கிறார்கள்.

என் பெயர் சுடலைமணி. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள உப்பளங்களில் நாற்பத்திரண்டு வருஷம் உப்பு வாரினவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. நம்பி ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. ஆனால் இங்கே சொல்லப்போவது, ஒரே ஒரு முறை என் கையை நம்பாமல் படித்தவர்களை நம்பியது.

வில்லை வந்தபோது நானும் கைதட்டினவன்தான், அதை மறைக்க மாட்டேன். என் வீட்டுக்காரி பொன்னுத்தாய்க்குக் குடல் முறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை. வராந்தாவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சிபாரிசோடு வந்தவர்கள் உள்ளே போனார்கள், கத்தினவர்கள் உள்ளே போனார்கள். அவளை உள்ளே எடுத்தபோது நேரம் கடந்துவிட்டது. அடுத்த வருஷம் வில்லை வந்தது. உடம்பின் துடிப்பு, மூச்சு, வியர்வை மூன்றையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும், வலி எவ்வளவு என்று அதுவே சொல்லும், சிவப்புக்குத்தான் கட்டில், அது பணக்காரனாக இருந்தாலும் சரி, பரதேசியாக இருந்தாலும் சரி என்றார்கள். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது.

எனக்கு ஒரே மகள், மாரிக்கனி. பிறந்து இருபதாவது நாள் பொன்னுத்தாய் அவள் நெற்றியில் முத்திவிட்டு, பிள்ளை உப்பாகக் கரிக்கிறது என்றாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் எதுதான் கரிக்காது? என் சட்டை கரிக்கும், குடத்துத் தண்ணீர் கரிக்கும், முத்தினவளின் உதடே கரிக்கும். அவளும் பேறுகாலம் வரை உப்பு அம்பாரத்தில் நின்றவள்தான். வேறு தொழில் செய்கிற வீட்டில் பிறந்திருந்தால் அந்த முத்தத்திலேயே நோய் பிடிபட்டிருக்கும். எங்களுக்கு ஆறு வருஷம் ஆனது. மெலிந்து, இருமி இருமி, கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த பெரிய டாக்டர் முதலில் கேட்டதே அதுதான். பிள்ளையை முத்தும்போது உப்புக் கரித்ததா என்று.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார். அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு மாதம் ஆனது. உடம்பிலுள்ள உப்பு வியர்வையில் கொட்டிப் போகும். நெஞ்சுச் சளி பசை மாதிரி இறுகி மூச்சுக்குழலை அடைக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போட்டால்தான் தின்றது உடம்பில் ஒட்டும். பிற்காலத்தில் சிலருக்கு நல்ல மருந்து வந்தது. கனியின் வகைக்கு அது கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஆவி பிடிப்பதும் முதுகு தட்டுவதும்தான். ஆவியும் உப்புத்தண்ணீர் ஆவிதான். ஊரெல்லாம் உப்பை வெளியே அள்ளிப் போட, என் மகள் காசு கொடுத்து வாங்கி உள்ளே இழுத்தாள்.

முதுகு தட்டுவது என் வேலை. விடிந்ததும் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு கையையும் குவித்து, விலாவில் தொடங்கித் தோள்வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். சளி இளகி வரும். இருபத்துமூன்று வருஷம் தட்டினேன். என் கைக்கு அவள் முதுகு மனப்பாடம். சளி கட்டின இடம் நிறைகுடம் மாதிரி மொத்தென்று சத்தம் கொடுக்கும். இளகின இடம் பாதிக் குடம். அவள் தட்டு வாங்கிக்கொண்டே பேசுவாள், குரல் அதிர்ந்து அதிர்ந்து வரும். என்னைக் காயப் போட்டால் அரைப் பாத்தி உப்பு வாரலாம்ப்பா என்பாள். அப்படித்தான் பேசுவாள்.

இருபத்தொன்பது வயது. கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். உப்புக் கம்பெனி எடைமேடையில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, லாரிகளுக்கு எடைச் சீட்டுப் போடுகிற வேலை.

பங்குனி பிறந்து மூன்றாம் நாள் காலையில் தட்டும்போது, வலது தோள்பட்டைக்குக் கீழே சத்தம் மாறியிருந்தது. நிறைகுடமும் இல்லை, பாதிக் குடமும் இல்லை. காலிக் குடம். டங்கென்று கேட்டது. அவள் உடம்பைச் சுருக்கினாள்.

"அங்க தட்டாதீங்கப்பா. ரெண்டு நாளா குத்துது. மூச்சு பாதியிலயே நின்னு போகுது."

"ரெண்டு நாளாவா? ஏன்ட்டி சொல்லல?"

"வில்லை பச்சையாத்தான் இருக்கு. நானே குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் இருந்த கதவு அவளுடைய பச்சையைப் பார்த்துத் திறக்கவில்லை. பழைய நோயாளி என்று அட்டையைக் காட்டிச் சண்டை போட்டதில் டாக்டர் ஷெரின் வெளியே வந்தார். நல்ல பிள்ளைதான், முப்பது வயது இருக்கும், நாசரேத் பக்கம். கனியிடம் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு கையிலிருந்த கண்ணாடிப் பலகையில் வில்லையின் கணக்கைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. எதுவும் இல்லை, இந்த நோயோடு இருக்கிறவர்களுக்கு இப்படிக் காரணம் தெரியாத நெஞ்சுவலி வரும், பயந்தால் மூச்சு இன்னும் திணறும், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பாருங்கள் என்றேன். படம் எடுக்கிற மிஷினும் வில்லை சொன்னால்தான் விழிக்குமாம். பச்சை உடம்பைக் காட்டினால் இயங்காதாம்.

"அப்பம் நீங்க கை வச்சுப் பாருங்க டாக்டரம்மா. வலது பக்கம் தட்டிப் பாருங்க. காலிக் குடம் மாதிரி கேக்கும். நான் இருவத்திமூணு வருசமா தட்டுதேன், இப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"கை ஆளுக்கு ஆள் மாறும்யா. என் கைக்கு ஒண்ணு தோணும், உங்க கைக்கு ஒண்ணு தோணும். அதுக்காகத்தான வில்லையே வந்தது. எங்களுக்கு அந்தத் தட்டிப் பாக்கிறதெல்லாம் சொல்லியே கொடுக்கல."

பார்த்தேன், அவர் கழுத்தில் அந்தக் காலத்து டாக்டர்கள் போடுகிற குழல்கூட இல்லை. வழக்கம்போல ஆவி பிடியுங்கள், வழக்கம்போல முதுகு தட்டுங்கள், சளி இளகினால் வலி போகும் என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் நான் என் கையை நம்பாமல் போனேன். படித்த பிள்ளை சொல்கிறது, நமக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவளைக் குப்புறப் போட்டுத் தட்டினேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டாள். தாயைப் போலவே.

வேலைக்கும் போனாள். பச்சையில் இருக்கிறவர்களுக்கு லீவு கிடையாது. எடைமேடை மூன்று படி உயரம். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாளாம். யாரும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் பார்த்தது வில்லையை.

பங்குனி ஐந்து என்று நினைக்கிறேன், சாப்பிட உட்கார்ந்தபோது அவள் போனில் ஒரு சத்தம். படித்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி?"

"வில்லைக் கம்பெனிக்காரன் வாழ்த்து அனுப்பியிருக்கான்ப்பா. இந்த வாரம் நம்ம உப்பளக் கரையிலயே அதிகம் உழைச்சது நான்தானாம். முதல் பரிசு."

"உக்காந்து சீட்டுப் போடுதவளுக்கா?"

"அதான. இத்தனை வருசம் வெயில்ல நின்னீங்களே, ஒங்களுக்கு என்னைக்காவது குடுத்தானா? பொறாமைப்படாதீங்க."

கிறுக்குப் பயல்கள், ஆள் மாற்றி அனுப்பியிருப்பான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். அந்த வாழ்த்தில்தான் எல்லாம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. படித்தவள், அவளுக்கும் தெரியவில்லை.

அன்று சாயந்தரம் அவள் சொன்னதுதான் வலியைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. "ஒருவேளை எனக்கு ஒண்ணும் இல்லையோப்பா" என்றாள். "வலிக்குதுன்னு நானே நெனச்சுக்கிடுதேனோ என்னவோ. அத்தனை தெரிஞ்ச மிஷின் சும்மா சொல்லுமா?" அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தன் நெஞ்சையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். அவளுடைய உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. வில்லை பச்சையாக எரிந்தது.

மறுநாள் நான் மட்டும் வில்லை பழுது பார்க்கிற நிலையத்துக்குப் போனேன், அவளுடைய எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு. அங்கே காட்வின் என்று ஒரு பையன், சின்ன வயது, கண்ணாடி போட்டவன். வில்லை கெட்டுப்போயிருக்கிறது, மாற்றிக் கொடு என்றேன். எண்ணைத் தட்டிப் பார்த்தான். கெடவில்லை, நன்றாக வேலை செய்கிறது என்றான். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினான்.

"பெரியவரே, உங்க மகளுக்கு உப்பு வார்ற வேலைதான?"

"இல்ல. எடைமேடையில சீட்டுப் போடுதா."

"இதுல அப்படி இல்லியே. காலையில, மத்தியானம், தூங்குற நேரம் எல்லாத்துக்கும் 'வேலையில் இருக்கிறார்'னு விழுந்திருக்கு. ஓய்வே இல்ல. ஒரு மனுசன் இப்படி வேலை பாக்க முடியாதே."

வாழ்த்து வந்த விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் எதையோ தேடிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினான். எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னான், அதற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

"வில்லை தனியா ஒண்ண வச்சு முடிவு பண்ணாது. மூச்சு வாங்குது, நெஞ்சு வேகமா அடிக்குது, வலி இருக்கு, இதெல்லாம் சேந்தா மத்த ஊர்ல சிவப்பு. ஆனா உங்க கரையில இருக்க வில்லைக்கு மட்டும் ஒரு விதி போட்டிருக்கு. அதே மூணோட வியர்வையில உப்பும் அதிகமா இருந்தா, அது நோய் இல்ல, வெயில்ல உப்பு வாரிக்கிட்டிருக்க ஆளு. பச்சையிலயே விடு. அதான் விதி. உங்க மகளுக்கு வியர்வையில எப்பவுமே உப்பு அதிகமா?"

"பெறந்ததுல இருந்து" என்றேன்.

"அப்போ அவங்களுக்கு என்ன வலி வந்தாலும் வில்லைக்கு அது வேலைதான்" என்றான்.

விதியை யார் போட்டது என்று கேட்டேன். அவன் தேதியைப் பார்த்துச் சொன்னான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொழிலாளர்களே கேட்டு வாங்கினது, மனுகூட இதில் இருக்கிறது என்றான். முதல் வரியை வாசித்தான்.

"'எங்கள் உடம்பில் உப்பு இருப்பது நோய் அல்ல, அது எங்கள் உழைப்பு.'"

அந்த வரியை அவன் வாசிக்க வேண்டியதே இல்லை. எனக்கு மனப்பாடம்.

வில்லை கட்டாயமான முதல் கோடையில், காலை பத்து மணி ஆனதும் எங்கள் எல்லாருடைய நெஞ்சும் சிவப்பாகிவிடும். கங்காணி பாதி வேலையில் வீட்டுக்கு விரட்டுவான். ஆம்புலன்ஸ்கள் வரப்பு வரை வந்து நிற்கும். இப்படி நோயாளிகளை வைத்து வேலை வாங்க முடியாது, உப்பு வார மிஷினை இறக்குகிறோம் என்றான் முதலாளி. ஒன்பது நாள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். முன்னால் உட்கார்ந்தவன் நான். மனுவில் முதல் கைநாட்டு என்னுடையது. எழுதினது யார்? எங்களில் யாருக்கு நாலு வரி சேர்த்து எழுதத் தெரியும்? அப்போது கனிக்குப் பதினெட்டு வயது. தரையில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே எழுதினாள். அந்த முதல் வரியை எழுதிவிட்டு, "எப்படிப்பா இருக்கு?" என்று நிமிர்ந்து பார்த்தாள். நல்லா இருக்கு தாயி என்றேன்.

பிள்ளை பிறந்தபோது முத்தின உப்பைத் தொழிலுப்பு என்று நினைத்தோம். பதினெட்டு வருஷம் கழித்து அதையே எழுதிக் கைநாட்டுப் போட்டு மிஷினுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

இவளுக்கு மட்டும் விதியை எடு என்றேன் காட்வினிடம். ஓர் ஆளுக்கு எடுக்க வேண்டுமென்றால் டாக்டர் கடிதம் வேண்டும் என்றான். டாக்டர் கடிதம் கொடுக்க வில்லை சிவப்பாக வேண்டும். அதைச் சொல்லும்போது அவனுக்கே அது கேட்டது போல, தலையைக் குனிந்துகொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னான். முகவரியை மாற்றுங்கள், பாளையங்கோட்டை, மதுரை எங்காவது. ஊர் மாறினால் வில்லை அந்த ஊர் விதிக்குப் போய்விடும், எட்டு நாள் ஆகும். என் தங்கச்சி பாளையங்கோட்டையில் இருக்கிறாள். அங்கேயே நின்று அவள் முகவரிக்கு மாற்றச் சொல்லி விரல் வைத்தேன்.

மறுபடியும் டாக்டர் ஷெரினிடம் ஓடினேன். விதியைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். எழுதவும் செய்தார், அது பிற்பாடு தெரிந்தது. ஆனால் கட்டில் கொடுக்க அவர் கையில் இல்லை. போகும்போது, பயப்படாதீங்கய்யா, நிஜமாவே ஆபத்துன்னா வில்லை விடாது என்றார். நான் இவ்வளவு சொன்ன பிறகும் அதைத்தான் சொன்னார்.

வீட்டில் கனி கேட்டாள், என்ன சொன்னான் என்று.

"முகவரி மாத்தணுமாம். எட்டு நாள்ல சரியாயிரும்."

"ஏன் கெட்டுப்போச்சாம்?"

"தெரியலயாம்" என்றேன்.

அது பொய். மனுவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அன்றோடு முதுகு தட்டுவதை நிறுத்தினேன். விடிந்ததும் அவள் பின்னால் உட்கார்ந்து கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். அந்தப் பக்கம் மூச்சே ஏறவில்லை. இடது விலா ஏறி இறங்கும். வலது சும்மா கிடக்கும். ஒவ்வொரு நாளையும் விரல் விட்டு எண்ணினேன்.

முகவரி மாற்றக் கொடுத்த ஆறாம் நாள் முற்பகல். பதினொன்றரை மணி இருக்கும் என்று லாரி டிரைவர் அய்யாத்துரை சொன்னான். எடைமேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்திருக்கிறான். சீட்டு வரவில்லை. இறங்கிப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான். கனி மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே பச்சை. அசதியில் பிள்ளை தூங்குது என்று நினைத்து, ஹார்ன் அடிக்காமல் போய் உட்கார்ந்துகொண்டானாம். பின்னால் வந்த இரண்டு லாரிக்காரர்களிடமும், சத்தம் போடாதீங்கடே, பாவம், கொஞ்ச நேரம் கண்ணசரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறான். நல்ல மனுஷன். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று லாரிகள் அவளுக்காகச் சத்தமில்லாமல் நின்றன. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பச்சை அணைந்தது. அது நெஞ்சு நின்றால்தான் அணையும். அதன் பிறகு ஆம்புலன்ஸ் நாலே நிமிஷத்தில் வந்துவிட்டது.

எட்டாம் நாள் காலை அவள் போனில் ஒரு சத்தம் கேட்டது. அய்யாத்துரைதான் வாசித்துச் சொன்னான். முகவரி மாற்றப்பட்டுவிட்டதாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். டாக்டர் ஷெரின் இருந்தார். வில்லைக் கம்பெனியிலிருந்து சட்டை கசங்காத ஆள் ஒருவர் வந்திருந்தார். அவர் பெயரைச் சொன்னார், நான் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர்தான் முதலில் பேசினார். நுரையீரலில் சின்ன ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்திருக்கிறது. கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டில் அடைத்துக்கொண்டு நுரையீரலை நசுக்கி, கடைசியில் இருதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. இந்த நோயில் அப்படி வருவதுண்டு. ஒரு படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், ஒரு குழாய் வைத்துக் காற்றை இறக்கியிருக்கலாம்.

"காலிக் குடம்" என்றேன்.

"ஆமாய்யா" என்றார். "காத்து இருந்தா அப்படித்தான் கேக்குமாம். பழைய புத்தகத்துல தேடிப் பாத்தேன்."

"அப்பம் தட்டலாமா, தட்டக்கூடாதா?"

அவர் மேசையைப் பார்த்தார். நான் மறுபடி கேட்கவில்லை. நாலு நாள் தட்டியிருக்கிறேன், இந்தக் கையால்.

பிறகு கம்பெனி ஆள் பேசினார். நடந்ததற்கு வருந்துகிறார்களாம். இனி இப்படி நடக்காதாம். அந்த விதியை எடுக்கப்போகிறார்களாம். தொழிலாளர்கள் கேட்டுப் போட்ட விதி என்பதால் தொழிலாளர்களே கேட்டால்தான் எடுக்க முடியும். முதல் மனுவில் முதல் கைநாட்டு என்னுடையது. ஆகவே புது மனுவிலும் நான் முதலில் விரல் வைத்தால் நன்றாக இருக்கும். மனுவை மிஷினே எழுதி வைத்திருந்தது. வாசித்துக் காட்டினார். பிழை இல்லாமல் இருந்தது. ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை.

விதியை எடுத்தால் மறுபடியும் பத்து மணிக்கு நாலாயிரம் பேர் சிவப்பாகிவிடுவார்களே, அவர்கள் கதி என்ன என்று கேட்டேன். அதற்கு வேறு ஏற்பாடு செய்வோம் என்றார். என்ன ஏற்பாடு என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். இல்லையென்றால் இன்னொரு வழியும் உண்டாம். விதி இருக்கட்டும், உங்கள் மகளுக்கு இருந்த நோய் உள்ளவர்களை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்துவிடலாம்.

"பேரு வைக்காத நோய்க்காரன் என்ன செய்வான்?" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை.

"எம்மவளுக்கும் ஆறு வயசு வரைக்கும் பேரு இல்லாமத்தான இருந்துச்சு. அப்படி ஒரு பிள்ள இப்பமும் அங்க பாத்தி ஓரத்துல வெளையாடிக்கிட்டு இருக்கும். அதுக்கு என்ன விதி?"

வில்லை நாளுக்கு நாள் கற்றுக்கொள்கிறது, உங்கள் மகளிடமிருந்தும் கற்றுக்கொண்டிருக்கிறது, அடுத்த வில்லை இன்னும் துல்லியமாக இருக்கும் என்றார். கண்ணாடிப் பலகையை என் பக்கம் நகர்த்தினார். விரல் வைக்கிற இடம் வட்டமாக ஒளிர்ந்தது. முதல் மனுவுக்குக் கைநாட்டு வைத்தபோது கனி என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, கறையைத் தன் தாவணியில் துடைத்துவிட்டாள்.

நான் விரல் வைக்கவில்லை.

டாக்டர் ஷெரினின் கண் கலங்கியிருந்தது. அது நிஜமான அழுகைதான், எனக்குச் சந்தேகம் இல்லை. "ஐயா, என்ன மன்னிச்சிருங்க" என்றார். "அன்னைக்கு நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும். இனிமே யாரு வந்து சொன்னாலும் வில்லைய மட்டும் பாக்க மாட்டேன். மனுசனப் பாப்பேன். சத்தியமா சொல்லுதேன்."

அவர் சொன்னதை நம்பத்தான் நினைத்தேன்.

"எனக்கு நெஞ்சு வலிக்குது டாக்டரம்மா" என்றேன்.

பொய் இல்லை. அவள் போனதிலிருந்தே வலிக்கிறது.

அவருடைய கண் என் முகத்தை விட்டு இறங்கியது. கழுத்துக்குக் கீழே போய் நின்றது. அங்கே பச்சையாக எரிந்திருக்க வேண்டும். அவர் முகம் தெளிந்தது. தெளிந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னால் ஐயா, ஐயா என்று கூப்பிட்டார்கள். கம்பெனி ஆள், மனு திறந்தேதான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து விரல் வைக்கலாம் என்றார். வாசல் கதவு என்னைப் பார்த்துத் தானாகத் திறந்தது, நன்றாக இருக்கிறவர்களை வெளியே அனுப்ப அது யோசிப்பதில்லை. பஸ் வர நேரமிருந்தது. நான் நிற்காமல், பிள்ளைகள் விளையாடுகிற பாத்தி ஓரத்தைப் பார்த்து உப்பளப் பக்கமாகவே நடந்தேன்.